பிப்ரவரி 31-ம் தேதி பேக்கப்

விளம்பரத்தில் அந்த அலுவலகம் பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். நேரில் அது சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. மாடிப்படி முழுக்கச் சோப்புத் தண்ணீர் நாற்றம், கைப்பிடியில் யாரோ காயப்போட்ட துண்டு.

"அண்ணி, வெப்சைட்ல லிஃப்ட் எல்லாம் இருந்துச்சே?"

"அதுல ஏறணும்னா படத்துக்குள்ளதான் போகணும். பேசாம படியில ஏறுங்க கொழுந்தனாரே."

அண்ணி என் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் அவருக்கு உதவியாளர். அதாவது வண்டி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் யோசிக்கும்போது எதிராளிக்கு வாய் கொடுப்பது. அண்ணியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உலகத்தில் யாரும் படிக்காததை எல்லாம் படிப்பார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், மிக்ஸியோடு வரும் புத்தகம், ஒப்பந்தத்தின் பின்பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணன் எழுதிய காதல் கடிதத்தைக்கூட அவர் பிழை திருத்தித்தான் திருப்பி அனுப்பினாராம்.

படி திரும்பும் இடத்தில் நின்று, விளம்பரத்தில் இருந்த 'இருபத்து நான்கு மணி நேர உதவி மையம்' எண்ணுக்குப் போன் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாருடைய பேன்ட் பாக்கெட்டிலோ மணி அடித்தது. பிறகு போனிலும் கதவு வழியாகவும் ஒரே நேரத்தில் ஒரு குரல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் குரல்.

"வணக்கம். எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் தற்சமயம் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

கதவைத் திறந்தேன். "எத்தனை பேர் சார் பேசிட்டிருக்காங்க?"

உள்ளே இருந்தது ஒரே ஆள். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் அடையாள அட்டை. தன் அலுவலகத்தில் தானே தன்னை யாரென்று தெரியாமல் போய்விடுவோமோ என்று பயம் போலிருக்கிறது. சுவரில் நீல விளக்கு எரியும் பெரிய சர்வர் அறையின் படம். அதற்குக் கீழே ஒரு பழைய லேப்டாப், ஒரு பிளாஸ்டிக் செடி, ஆடுகிற மேஜை. மேஜையின் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அவருடைய சொந்த விளம்பர நோட்டீஸ். 'சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட் இடம், அடிமட்ட விலை, தினசரி பேக்கப் இலவசம்.' அந்த நோட்டீஸ் அன்று வரை தாங்கிய ஒரே பொருள் அந்த மேஜைதான்.

இவருக்கு மலிவு மாஸ்டர் என்பது நான் வைத்த பெயர் இல்லை. விளம்பரத்தில் அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலணிப் பட்டறை. அக்காவும் தம்பியும் நடத்துகிறார்கள். கடைக்குப் போய் ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று வாங்க முடியாதவர்களுக்குச் செருப்பும் ஷூவும் செய்து தருவது அவர்கள் தொழில். ஒரு கால் குட்டையானவர், பாதம் வளைந்தவர், சர்க்கரை நோயில் விரல் போனவர். மருத்துவமனை ஒன்று நாற்பத்தெட்டு நோயாளிகளுக்கு ஜோடி கேட்டிருந்தது. எட்டு வியாழக்கிழமைகள், கடை வேலைக்கு நடுவே போய் ஒவ்வொருவராக அளந்து, அளவுகளைத் தங்கள் வெப்சைட்டிலேயே ஏற்றிவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். தாளை வைத்திருக்க வேண்டாம் என்று சொன்னவர் மலிவு மாஸ்டர். "பேப்பரைக் கரையான் தின்னும், எங்க சர்வரைத் தின்னுமா?" என்று கேட்டாராம்.

போன வாரம் திங்கட்கிழமை வெப்சைட் காணாமல் போனது. நாற்பத்தெட்டு பேரின் அளவும் போனது. வெள்ளிக்கிழமை காலை தோல் வெட்ட ஆரம்பிக்கவில்லை என்றால் ஆர்டர் ஒரு பெரிய பேக்டரிக்குப் போய்விடும். அங்கே எல்லாக் கால்களும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே வகை. ஆர்டர் போனால் பட்டறையை மூடுவதென்று அக்கா முடிவு செய்திருந்தார். அந்த பேக்டரிதான் ஆள் வைத்துத் திருடிவிட்டது, கண்டுபிடித்து மீட்டுத் தாருங்கள் என்று எங்களிடம் வந்தார்கள். இன்று புதன்.

"ஹேக்கிங் மேடம்," என்றார் மாஸ்டர், எங்களுக்கு நாற்காலி காட்டாமலே. "உலகத் தரமான ஹேக்கர்ஸ். நாங்க என்ன பண்ண முடியும்? போட்டிக்காரங்க வேலை."

"செருப்பு அளவைத் திருட எதுக்கு சார் உலகத் தரம்?" என்றேன். "லோக்கல் ஆளே போதுமே."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது நல்ல சகுனம் இல்லை. எதிராளிக்கு.

"உங்க பேக்கப் எங்க இருந்துச்சு?"

"அதையும் ஹேக் பண்ணிட்டாங்க மேடம்."

"உங்ககிட்ட எத்தனை கஸ்டமர்?"

"நாற்பது. எல்லாம் நம்ம மேல உயிரையே வெச்சிருக்காங்க."

"தெரியும். அதுல பத்துப் பேர் பேரை உங்க வெப்சைட்ல போட்டிருக்கீங்க. நேத்து ஒண்ணு விடாம திறந்து பார்த்தேன். கேக் கடை நல்லா இருக்கு. டிரைவிங் ஸ்கூல் நல்லா இருக்கு. பூட்டு ரிப்பேர்க்காரர் சிரிச்சுட்டு நிக்கிறார். எல்லாரும் ஒரே இடத்துலதான் இருக்காங்க. ஹேக்கர் வந்து ஒரே ஒரு வீட்டைக் கொளுத்திட்டு, பக்கத்து வீட்டுச் சுவர்ல கரிகூடப் படாம போயிட்டாரா?"

"அது வேற டிஸ்க் மேடம்."

"சரி. அடுத்தது. இவங்க வெப்சைட் திறந்தா இப்ப என்ன வருது தெரியுமா? 'விரைவில் வருகிறோம்'னு ஒரு பக்கம். கீழ ஒரு போன் நம்பர். அது இவங்க பழைய வாடகைக் கடையோட நம்பர். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே கட் ஆயிடுச்சு." அண்ணி ஒரு அடி முன்னால் வைத்தார். "எந்த ஹேக்கர் சார் நம்ம சாமானைத் திருடிட்டு, நம்ம பழைய அட்ரஸை வாசல்ல எழுதி வெச்சுட்டுப் போவான்?"

மாஸ்டர் அடையாள அட்டையைத் திருகினார். அதில் அவர் படம் தலைகீழாகத் தொங்கியது.

"மேடம், நாங்க மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பறோம். ஏழு வருஷமா. ஒவ்வொரு நாளும் பேக்கப் எடுத்ததுக்குக் கணக்கு இருக்கு. நீங்க பாக்கலாம்."

பாவி, அண்ணியிடம் போய்ப் 'பாக்கலாம்' என்று சொன்னான். ஏழு வருடத்தில் அந்தப் பட்டறைக்கு எண்பத்து நாலு ரிப்போர்ட் போயிருந்தது. அக்காவும் தம்பியும் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. 'பத்திரமா இருக்கட்டும்' என்று தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்கள். யார் திறப்பார்கள்? நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன். அண்ணி நேற்று மதியம் சாப்பிட்ட கையோடு எண்பத்து நாலையும் திறந்து படித்துவிட்டு, நாவலை முடித்தவர் மாதிரி நிறைவாக எழுந்தார்.

இப்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"பிப்ரவரி முப்பத்தொண்ணாம் தேதி என்ன கிழமை சார்?"

"என்ன மேடம்?"

"இருபத்தொன்பது, பேக்கப் வெற்றி. முப்பது, பேக்கப் வெற்றி. முப்பத்தொண்ணு, பேக்கப் வெற்றி. ஏழு பிப்ரவரியிலயும் அப்படித்தான் இருக்கு."

"ஜூன் முப்பத்தொண்ணும் இருக்கு அண்ணி," என்றேன். "நமக்கெல்லாம் வராத நாள்லகூட லீவு போடாம வேலை பார்த்திருக்கார்."

மாஸ்டர் உட்கார்ந்தார். மேஜை ஆடியது.

"கம்ப்யூட்டர் அனுப்பின ரிப்போர்ட்டா இருந்தா அதுக்குக் காலண்டர் தெரியும்," என்றார் அண்ணி. "இது கையால தட்டினது. ஒரே ஒரு மாசத்தைத் தட்டிட்டு, மாசத்தோட பேரை மட்டும் மாத்தி மாத்தி அனுப்பியிருக்கீங்க. பேக்கப்புன்னு ஒண்ணை நீங்க எடுத்ததே இல்ல. சரியா?"

மாஸ்டர் லேப்டாப்பை மூடினார்.

"இனி போன வாரத் திங்கட்கிழமைக்கு வருவோம். அதுக்கு முந்தின சனிக்கிழமை அந்த அக்கா உங்களுக்கு ஒரு மெயில் போட்டாங்க. 'நாங்க வேற இடத்துக்கு மாறலாம்னு இருக்கோம், எங்க பேக்கப் ஒரு காப்பி அனுப்புங்க'ன்னு. நீங்க என்ன பண்ணீங்க?"

"எடுத்துக் கொடுத்துடலாம்னுதான் மேடம்..." குரல் உடைந்தது. மூக்கைப் பிடிக்காமலே இந்தத் தடவை மூக்கால் வந்தது. "வாழ்க்கையில முதல் தடவையா பேக்கப் எடுக்க உக்காந்தேன். ரெண்டு பட்டன் இருந்துச்சு. பேக்கப், ரீஸ்டோர்."

பேக்கப் என்றால் இருப்பதை நகல் எடுப்பது. ரீஸ்டோர் என்றால் பழைய நகலைக் கொண்டுவந்து இருப்பதன் தலையில் கவிழ்ப்பது. ஏழு வருடம் முன்பு, முதல் கஸ்டமராக இந்தப் பட்டறைக்கு 'விரைவில் வருகிறோம்' பக்கத்தைப் போட்ட அன்று, யாரோ தெரிந்தவர் இவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரே ஒரு நகல் எடுத்துக் காட்டியிருக்கிறார். இவர் ரீஸ்டோரை அமுக்கினார். 'நிச்சயமா?' என்று இயந்திரம் கேட்டது. எஸ் என்றார். 'இருப்பது அழிந்துவிடும், பரவாயில்லையா?' என்று மறுபடியும் கேட்டது. மறுபடியும் எஸ். ஏழு வருடமாக எதையும் பாதுகாக்காத மனிதர், பாதுகாக்கலாம் என்று நினைத்த முதல் நிமிடத்தில் எல்லாவற்றையும் அழித்தார். இப்படி ஒரு ஆளை நான் திட்டக்கூடச் செய்யலாமா என்று தெரியவில்லை. வார்த்தைக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

"அப்போ திருடனே இல்லையா அண்ணி?"

"இல்ல. ஆனா சர்வர் இவரோடது இல்லையே." அண்ணி சுவரில் இருந்த நீல விளக்குப் படத்தைச் சுட்டினார். "ஒரு பெரிய கம்பெனிகிட்ட ஒரே ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து, நாற்பது துண்டாக்கி வித்திருக்கார். அவங்ககிட்ட கேட்டாலே பழைய நகல் கிடைக்கலாம். பத்து நாளா ஏன் கேக்கல?"

"ஒரு கணக்குல நாற்பது பேரை வெச்சிருக்கறது தெரிஞ்சா துரத்திடுவாங்க மேடம். என் பொழப்பே போயிடும்."

"அவங்க பொழப்பு போனா பரவாயில்லையா? லேப்டாப்பைத் திறங்க. போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

திரையில் நாற்பது பெயர்களும் வரிசையாக வந்தன. அண்ணி வழக்கம்போல எல்லாவற்றையும் படித்தார். பன்னிரண்டாவது வரியில் அவர் விரல் நின்றது. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

"கொழுந்தனாரே."

"ம்."

"நம்ம நிலையத்தோட பேரு இங்க இருக்கு."

இருக்கும். ஒரு வருட விலைக்கு மூன்று வருடம் என்றார்கள், நான்தான் வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேறு, போனில் பேசிய குரல் வேறு. இவரே மூக்கைப் பிடித்துப் பேசியதுதான், அப்போது எனக்குத் தெரியவில்லை. உலகத் தரமான கம்பெனி என்று அண்ணியிடம் நானே சொல்லியிருந்தேன். அண்ணி என்னை ஒரு முறை பார்த்தார். மலிவு மாஸ்டரைப் பார்த்த அதே பார்வை. எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் எந்த வித்தியாசமும் வைக்கவில்லை, அதுதான் வலித்தது.

பெரிய கம்பெனியில் ஒரு பெண் போனை எடுத்தார். மாஸ்டர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க கணக்குல தினசரி பேக்கப்பை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"யார்?"

"நீங்கதான் சார். ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம். அது இல்லன்னா கட்டணம் கொஞ்சம் குறையுமான்னு கேட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் மாசா மாசம் எச்சரிக்கை மெயில் அனுப்பியிருக்கோம். எண்பத்து மூணு மெயில். ஒண்ணுகூட நீங்க திறக்கல."

"அப்போ எங்கயுமே..."

"எங்கயுமே இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மாஸ்டர் போனை வைத்தார். முதல் தடவையாக அண்ணியின் முகத்தில் ரத்தம் இல்லை. இந்த ஒரு கதவை நம்பித்தான் அவர் வந்திருந்தார்.

பட்டறையில் போய்ச் சொன்னபோது தம்பிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு தோல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. கையில் இருந்த கத்தரியை மேஜையில் வைத்தார்.

"ஆக, திருடன்னு யாரும் இல்ல."

"இல்லம்மா," என்றார் அண்ணி.

"திருடனா இருந்தா பிடிச்சாவது வாங்கியிருக்கலாம். அவனுக்காவது நம்ம சாமான் மேல ஒரு ஆசை இருந்திருக்கும். இவனுக்கு அதுவும் இல்லையே!"

மறுபடி அளக்க முடியாதா என்று கேட்டேன்.

"நாளைக்கு வியாழக்கிழமை. உடற்பயிற்சிக்கு நாற்பத்தெட்டு பேரும் வருவாங்க. காலையில ஒன்பதுல இருந்து மதியம் மூணு வரைக்கும், ஆறு மணி நேரம்தான் வார்டு திறந்திருக்கும். ஒருத்தருக்கு இருபது நிமிஷம். நாங்க ரெண்டே பேரு. முப்பத்தாறு பேரோட நின்னுடும்."

"நாலு பேர் இருந்தா?"

அக்கா மனக்கணக்குப் போட்டார். "ஒரு மணிக்கே முடிஞ்சிடும். ஆனா ஆளு?"

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் வண்டியில் உட்கார வைத்திருந்த மலிவு மாஸ்டரைப் பார்த்தார்.

"மலிவா வித்தவர் ஒருத்தர், வாங்கினவர் ஒருத்தர்," என்றார். "ரெண்டு பேர் இருக்காங்க."

மாஸ்டர் முதலில் முடியாது என்றார். நாளைக்கு முக்கியமான மீட்டிங் இருக்கிறதாம். அண்ணி தான் குறித்து வைத்திருந்த நாற்பது பெயர்ப் பட்டியலை எடுத்துக் காட்டினார்.

"இவங்க எல்லாருக்கும் நாளைக்கு நான் போன் பண்ணத்தான் போறேன். 'உங்க பேக்கப்பை நீங்களே எடுத்து வெச்சுக்கோங்க'ன்னு சொல்ல. நீங்க வந்தா அதோட நிறுத்திக்கறேன். வரலைன்னா பிப்ரவரி மாசத்தையும் சேர்த்துச் சொல்வேன்."

மீட்டிங் ரத்தானது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வார்டில் நான்கு பாய் விரித்தோம். அக்கா எனக்கும் மாஸ்டருக்கும் வேலையைச் செய்து காட்டினார். பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். விரல், நடுப்பாதம், வளைவு, குதிகால், கணுக்கால் என்று ஐந்து இடத்தில் டேப். இடது கால் ஒரு தாள், வலது கால் ஒரு தாள். அடியில் கார்பன் பேப்பர் வைத்து எழுத வேண்டும், ஒரு பிரதி மருத்துவமனையில் இருக்கும். அண்ணி வாசலில் நாற்காலி போட்டுப் பெயர் கூப்பிட்டார்.

எனக்கு முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டேப்பை நான் அவசரமாகச் சுற்றுவதைப் பார்த்து, "மெதுவா அளங்க தம்பி, எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியது இல்ல" என்றார். மண்டியிட்டு முட்டி தேய்ந்தது. நான்காவது ஆள் வருவதற்குள் இடுப்பு ஒடிந்தது. அக்காவும் தம்பிக்காரரும் பேசாமல் ஒரே வேகத்தில் அளந்துகொண்டிருந்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். மலிவு மாஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"என் பன்னிரண்டு பேரும் முடிஞ்சாச்சு," என்றார் என்னிடம். "நீங்க ஏழாவதுலயே நிக்கிறீங்களே? எல்லாம் ஒரு சிஸ்டம்ல செய்யணும் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அழுத ஆள், இன்று எனக்குப் பாடம் எடுக்கிறான். அதைவிட மோசம், அவர் உண்மையிலேயே வேகமாக முடித்திருந்தார்.

அக்கா தன் பாயில் இருந்து எழுந்து வந்து அவருடைய தாள்களை வாங்கினார். முதல் ஆளின் இரண்டு தாளையும் பார்த்தார். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். ஐந்தாவது ஆளின் தாள்களில் ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோட்டின் மேல் கோடு அச்சாகப் பொருந்தியது. மாஸ்டர் ஒரு காலின் தாளைத் திருப்பிப் போட்டு மறுகாலாக வரைந்திருந்தார், அவ்வளவுதான். அளவுகளும் ஐந்துக்கு ஐந்து அப்படியே.

"ஒரு காலை மட்டும் அளந்தீங்களா?"

"ரெண்டும் கால்தானே மேடம்," என்றார் மாஸ்டர். "எதுக்கு டைம் வேஸ்ட்டு?"

வார்டில் பயிற்சி நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு காலும் ஒரே அளவா இருக்கிறவங்க எங்ககிட்ட எதுக்குய்யா வரப்போறாங்க?"

அந்த மனிதர் அப்போதுதான் முதல் தடவையாக எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாதங்களைப் பார்த்தார். ஒன்றில் ஐந்து விரல். ஒன்றில் இரண்டு. அதை அரைமணி முன்புதான் அவரே அளந்திருந்தார்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தாள்களை நான்காகக் கிழித்தார். "பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது நிமிஷம், நாலு மணி நேரம். மூணு மணிக்கு முடியும். உட்காருங்க."

உட்கார்ந்தார். என் பங்கை முடித்துவிட்டு ஒரு மணியிலிருந்து அவர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தாளையும் நான் படித்தேன். கடைசி ஆளின் வலது கணுக்காலை அவர் எழுதி முடித்தபோது வார்டைப் பூட்ட ஆள் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா தோலை விரித்துப் போட்டு, முதல் ஜோடியின் இடது காலுக்கு வெட்டினார்.